கடைசியா நல்லா இருந்தது எப்போ?

"இருபத்திநாலு ஊடு கீது இந்த ப்ளாக்ல. மோட்டார் போட நான் ஒருத்தன் தான் ஆப்ட்டனா?"

காலைல பால் பாக்கெட் எடுக்க யாரு கீழ இறங்கினாலும் இதக் கேக்காம திரும்பி மாடி ஏற முடியாது. சொல்றவரு ஜாபஸ். வயசு அறுபத்தி ஒண்ணு. ஆவடி பக்கம் பருத்திப்பட்டுல நாங்க இருக்கிற ப்ளாக்குல கிரௌண்ட் ஃப்ளோர் வீடு, மாடிப்படிக்குப் பின்னாடி. அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு போல்ட் கம்பெனில முப்பது வருஷம் லேத்து ஓட்டினவரு. மனைவி ஞானகுமாரி போயி ஆறு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு ரெனிதா குவைத்துல நர்சு.

மோட்டார் போடச் சொல்லி அவரை யாரும் கேக்கல. அந்தம்மா தவறின மாசத்துலயே அவரா ஆரம்பிச்சாரு. ரொம்பினா மோட்டார தானா நிறுத்துற கருவி ஒண்ணு டேங்குல இருந்துச்சு, அது கெட்டுப்போயி நாலு வருஷம். ஜாபஸ் இருக்காரேன்னு யாரும் மாத்தல. காலைல ஆறு பத்துக்கு மீட்டர் போர்டு பக்கத்துல இருக்கிற சுவிட்ச்ச போடுவாரு. உள்ள போயி டீ போட்டு எடுத்துட்டு வந்து, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, டேங்க் ரொம்புற வரைக்கும் போறவங்க வர்றவங்க எல்லாரையும் புடிச்சு வெச்சுப் பேசுவாரு.

"இன்னாம்மா எழிலு, உன் ஊட்டுக்காரு குளிக்கறதுக்கு நான் கொசுக்கடில குந்திகினு கீறேன். ஒரு தேங்ஸ் உண்டா?"

"யாரு உங்கள உக்காரச் சொன்னா ஜாபஸ்ண்ணா? போட்டுட்டு உள்ள போயி படுங்க."

"படுத்துட்டா யாரு நிறுத்துவா, உங்க நைனாவா? நாப்பது நிமிசம். ஒரு நிமிசம் கூடாது, கொறையாது. லேத்துல நின்னவன்மா நான், கணக்கு தப்பாது."

"சரி சரி, பால் கெட்டுப் போவுது."

இதான் எங்க பேச்சு. நான் விழுப்புரம் பக்கத்துலேர்ந்து வந்து பதினோரு வருஷம் ஆகுது, இந்த ப்ளாக்குல என்கிட்ட தினமும் பேசின ஒரே ஆளு அவருதான். மத்தவங்க எல்லாம் லிஃப்டுல போனப் பாத்துட்டு நிப்பாங்க. ஆனா எனக்கும் காலைல டிபன் கட்டணும், பொண்ண ஸ்கூல் வேன்ல ஏத்தணும். அவரு ரெண்டாவது வாக்கியம் ஆரம்பிக்கும்போதே நான் மூணாவது படில இருப்பேன். அவரு அந்தப் புலம்பல விடாம சொன்னது யாராச்சும் நின்னு ஒரு பதில் சொல்லுவாங்கன்னுதான். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் நிக்கல.

போன கார்த்திகை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கார் பார்க்கிங்ல அசோசியேஷன் மீட்டிங். செக்ரெட்டரி நடேசன் சார் ஒரு ரிட்டையர்டு ஆபீசர், இன்னமும் ஆபீசுல இருக்கிற மாதிரியே பேசுவாரு. "போன வாரம் ரெண்டு நாள் டேங்க் சரியா ரொம்பல. கொஞ்சம் கவனமா பண்ணுங்க மிஸ்டர் ஜாபஸ்"ன்னாரு.

ஜாபஸுக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "இன்னா அண்ணாத்தே, சம்பளம் குடுத்தா வெச்சுகினு கீற? நீயே வந்து போட்டுக்கோ. ரொம்பி வழிஞ்சாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும். வழிய வுடுறேன் பாரு ஒரு நாளு!"

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

திங்கக்கிழமை ஒழுங்கா போட்டு ஒழுங்கா நிறுத்தினாரு. செவ்வாக்கிழமை டேங்க் வழிஞ்சுது.

வழியற தண்ணி நேரா என் பால்கனி கைப்பிடி மேலதான் விழும். முதல் சொட்டு விழுந்ததுமே பாத்துட்டேன். துவைச்சுக் காய வெச்சிருந்த பொண்ணோட யூனிஃபார்ம் மொத்தமும் போச்சு. எனக்கு வந்த கோவத்துல ப்ளாக் வாட்ஸப் குரூப்புல போட்டேன்: "டேங்க் வழியுது. மோட்டார் போட்டவங்களுக்கு காது இல்லையா?" மூணாவது மாடிலேர்ந்து ஒருத்தர், "சொன்னபடியே செஞ்சிட்டாரு மனுஷன்"னு எழுதி சிரிக்கிற பொம்மை ஒண்ணு வெச்சாரு. அதுக்குக் கீழ வரிசையா இன்னும் ஆறு பொம்மை. நடேசன் சார், "நிறுத்திவிட்டேன். ஞாயிறு அன்று பேசிக்கொள்வோம்"னு போட்டாரு.

நிறுத்த வந்தவரு ஜாபஸ் வீட்டு வாசல்ல நின்னு, மூடின கதவப் பாத்து, "கோவம் இருந்தா எங்க மேல காட்டுங்க ஜாபஸ், தண்ணி மேல காட்டாதீங்க. இதெல்லாம் சின்னப்புள்ளத்தனம்"னு சத்தமா சொல்லிட்டுப் போனாரு. என் வீட்டு வரைக்கும் கேட்டுச்சு. சரியாத்தான் சொன்னாருன்னு நெனச்சுகிட்டு தோசையத் திருப்பிப் போட்டேன்.

அதுக்கப்புறம் ஒண்ணரை மணி நேரத்துல அந்தக் கதவு முன்னாடி எத்தனை பேரு போயிருப்பாங்க. வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் புள்ளைங்க, குப்பை எடுக்கிறவங்க. சேர் காலியா இருந்தத எல்லாரும் பாத்தோம். மூஞ்சியத் தூக்கி வெச்சிகிட்டு உள்ள உக்காந்திருக்காருன்னு முடிவு பண்ணிட்டோம்.

எட்டு இருபதுக்கு, வீட்டுல எல்லாரையும் அனுப்பிட்டு, நான் ஈர யூனிஃபார்ம கைல எடுத்துகிட்டு இறங்கினேன். நாலு வார்த்தை கேக்காம விட்டா எனக்கு சோறு இறங்காது. கதவத் தட்டினேன். பதில் இல்ல. தள்ளினேன், தொறந்துச்சு.

"இதப் பாருங்க, பொண்ணு கலர் டிரெஸ்ல போயிருக்கா. இப்ப சந்தோஷமா?"

சொல்லி முடிச்சப்புறம்தான் காலப் பாத்தேன். சமையல்கட்டு வாசல்ல ரெண்டு காலு. பால் பாக்கெட் தரையில ஒடஞ்சு, பால் காஞ்சு, எறும்பு வரிசை கட்டியிருந்துச்சு. மனுஷன் மல்லாந்து கெடக்கிறாரு. கண்ணு தொறந்திருக்கு. வாயோட வலது பக்கம் கீழ தொங்குது. வலது கையி யாரோ கழட்டி வெச்சுட்டுப் போன மாதிரி பக்கத்துல கெடக்குது. என்னப் பாத்ததும் வாயத் தொறந்தாரு. ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு. மாடு தொண்டைல செருமுற மாதிரி. வேற ஒண்ணும் வரல.

"பேசுங்கண்ணா. ஜாபஸ்ண்ணா, வாயத் தொறந்து பேசுங்க!"

கத்தினதுல முதல் மாடி ரோஹித் ஓடி வந்தான். ஐ.டி.ல வேலை, அன்னிக்கு வீட்டுலேர்ந்தே வேலை பாத்துகிட்டிருந்தான். அவன்தான் 108க்கு போன் பண்ணினான். நடேசன் சாரும் வந்தாரு. "லோ ஷுகரா இருக்கும், வாயில சக்கரை போடுங்க"ன்னாரு. நான் சக்கரை டப்பாவ எடுத்துட்டேன். போன்ல இருந்த ஆளு கத்தினது எனக்கே கேட்டுச்சு: "வாயில எதுவும் போடாதீங்க! ஒரு சொட்டுத் தண்ணி கூட வேணாம்!" டப்பாவ வெச்சேன். தெருமுனை டாக்டருகிட்ட காட்டிட்டுப் போலாம்னு நடேசன் சார் ஆரம்பிச்சாரு. ஆம்புலன்ஸ்ல வந்தவரு ஜாபஸோட கையத் தூக்கி விட்டுப் பாத்தாரு. அது தொப்புன்னு விழுந்துச்சு. "நேரா ஸ்கேன் இருக்கிற எடத்துக்குத்தான் சார் போவணும். நடுவுல எங்கயும் நின்னா நேரம்தான் வேஸ்ட்."

நான் நைட்டி மேல ஒரு துப்பட்டாவப் போட்டுகிட்டு வண்டில ஏறிட்டேன். ரோஹித் பைக்குல பின்னாடி வந்தான். பூந்தமல்லி ரோட்டுல இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி ஒம்போது அஞ்சு.

எமர்ஜென்சில இருந்தது வர்ஷான்னு ஒரு சின்ன வயசு டாக்டரு. கண்ணுல டார்ச் அடிச்சுது, கையத் தூக்கச் சொல்லுச்சு, பேரு கேட்டுச்சு. அவரு அதே சத்தத்தப் போட்டாரு. உடனே எங்க பக்கம் திரும்பி, "கடைசியா இவரு நல்லா இருந்தது எப்போ?"ன்னு கேட்டுச்சு.

"எட்டு இருபதுக்குத்தான் நான் பாத்தேன்."

"நீங்க பாக்கும்போது விழுந்து கெடந்தாரு. அது இல்ல. கடைசியா நல்லாப் பேசி, நடந்து, யாரு பாத்தீங்க?"

நான் ரோஹித்தப் பாத்தேன். ரோஹித் என்னப் பாத்தான். நேத்து காலைலன்னு நான் சொன்னேன். அவன் போன வாரம்னு சொன்னான்.

"கூட யாரும் இல்லையா?"

"தனியாதான் இருக்காரு."

அந்தப் பொண்ணு மூஞ்சி மாறுச்சு. "ரத்தக்கட்டு அடைச்சிருந்தா, கரைக்கிறதுக்கு ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியலன்னா நான் போட முடியாது. போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியிற ஆபத்து இருக்கு. முதல்ல சி.டி. எடுத்துரலாம். நீங்க அதுக்குள்ள யோசிங்க."

சி.டி. ரூமு ஏ.சி. போட்டு சில்லுன்னு கெடந்துச்சு. நடுவுல ஆளு உயரத்துக்கு ஒரு வளையம், அதுக்குள்ள போற மாதிரி ஒரு பலகை. டெக்னீஷியன் பேரு ஆசிக். "அக்கா, வெளிய இருங்க. கதிர் படும்"ன்னாரு. திரும்பினா வர முடியல. ஜாபஸ் இடது கையால என் துப்பட்டாவப் புடிச்சிருந்தாரு. அந்தக் கையில மட்டும் என்னா பலம்! ஒவ்வொரு வெரலா பிரிச்சு எடுத்தேன். "இங்கதாண்ணா இருக்கேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான்"னு சொன்னேன். கதவு மூடுச்சு. கண்ணாடி வழியா பாத்தா அவ்வளவு பெரிய ரூமுல ஒத்தை ஆளு, தலைய வளையத்துக்குள்ள வெச்சு. ஆசிக் மைக்குல, "ஆடாதீங்கண்ணே, ரெண்டே நிமிஷம்"னாரு. ஆடல. அவரு அப்படி வாய மூடிகிட்டு கெடந்து நான் பாத்ததே இல்ல.

ஸ்க்ரீன்ல மூளை தெரிஞ்சுது. வெட்டி வெச்ச காலிஃப்ளவர் மாதிரி, துண்டு துண்டா, சாம்பல் கலர்ல. வர்ஷா டாக்டர் ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்துச்சு.

"ரத்தக் கசிவு இருந்தா வெள்ளையா தெரியும். இல்ல."

"அப்போ படத்துல ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்லாததுதான் இப்ப நமக்கு வேணும்மா. கசிவு இருந்தா அந்த ஊசியப் பத்தி யோசிக்கவே முடியாது. அடைப்புன்னா ஆரம்பத்துல இதுல பெருசா தெரியாது. இன்னும் ரொம்பக் கெட்டுப் போகல, அதுவும் தெரியுது. எனக்கு டைம் மட்டும் சொல்லுங்க."

டைம். டைம். போன எடுத்து குரூப்பப் பாத்தேன். காலைல நான் எழுதினது இருந்துச்சு, அதுக்குக் கீழ பொம்மைங்க. என் மெசேஜ் ஓரத்துல ஆறு அம்பதுன்னு இருந்துச்சு.

"நாப்பது நிமிஷம்"னேன்.

"என்னம்மா?"

"டேங்க் ரொம்ப நாப்பது நிமிஷம் ஆகும். ஆறு அம்பதுக்கு முதல் சொட்டு என் பால்கனில விழுந்துச்சு. அப்போ ஆறு பத்துக்கு இவரு கையாலதான் சுவிட்ச்ச போட்டிருக்காரு. வேற யாரும் அதத் தொட மாட்டாங்க. ரொம்புற நேரத்துல நிறுத்த வரல. டீ போட உள்ள போயிருக்காரு, அப்பத்தான் விழுந்திருக்காரு."

அந்தப் பொண்ணு என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு. "கணக்கு சரியா இருக்கு. ஆனா இது கணக்குதானே? யாராச்சும் கண்ணால பாத்தது?"

ரோஹித் அதுக்குள்ள போனத் தட்டிகிட்டிருந்தான். எங்க கேட்டுல ஒரு கேமரா உண்டு, மீட்டர் போர்டு பக்கம் தெரியாது, பால் பெட்டி தெரியும். நேரா ஆறு மணிக்கு ஓட்டினான். ஆறு ஏழு. ஜாபஸ் வர்றாரு. லுங்கி, பனியன், தோள்ல துண்டு. குனிஞ்சு பால் எடுக்கிறாரு. பேப்பர் போடறவரு சைக்கிள்ல வர்றாரு. ஜாபஸ் வலது கைய நீட்டி அவரப் புடிச்சு நிறுத்தி என்னமோ சொல்றாரு. கை ஆடுது, வாய் ஆடுது. அந்தக் கேமராவுல சத்தம் வராது. என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். பேப்பர்காரரு ஒரு கால ஊணி நின்னு, தலையாட்டிட்டு, பாதிலயே பெடல மிதிச்சுப் போயிட்டாரு. ஜாபஸ் நின்ன எடத்துலயே இன்னும் கொஞ்ச நேரம் பேசிகிட்டு இருந்தாரு, கேட்டப் பாத்து. அப்புறம் நேரா நடந்து உள்ள போனாரு.

வர்ஷா டாக்டர் அத ரெண்டு தரம் போட்டுப் பாத்துச்சு, ஸ்கேனப் பாத்த மாதிரியே. "நடை சரி. கை சரி. ஆறு பத்துன்னே வெச்சுக்கலாம். பத்து நாப்பது வரைக்கும் இருக்கு."

அப்ப மணி ஒம்போது நாப்பது.

குவைத்துக்கு ரோஹித் மூணு தரம் போட்டு ரெனிதா எடுத்துச்சு. நர்சு பொண்ணு, அழுவல. "ப்ளீடிங் இல்லையே டாக்டர்? போடுங்க, ஒத்துக்கிறேன்"னு ஸ்பீக்கர்லயே சொல்லுச்சு. ஃபார்ம்ல நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம். நான் பேனாவ வெச்சுகிட்டு யோசிச்சேன். அப்புறம் "மேல் வீடு"ன்னு எழுதினேன். ஒம்போது அம்பதுக்கு ஊசி ஏறுச்சு.

கையோட இன்னொரு ஸ்கேனும் எடுத்தாங்க, சாயம் ஏத்தி. இதுல ரத்தக் குழாய் மட்டும் வெள்ளையா தெரியும். முருங்கை மரம் மாதிரி கிளை கிளையா. வலது பக்கம் நுனி வரைக்கும் போவுது. இடது பக்கம் ஒரு பெரிய கிளை, பாதிலயே ஒடிச்சு விட்ட மாதிரி நின்னு போச்சு. அதுக்கு மேல இருட்டு.

"பேச்சுக்கான எடத்துக்கு இந்தக் குழாய்தான் ரத்தம் கொண்டு போவுது"ன்னுச்சு டாக்டர். "கட்டி பெருசு. ஊசி மட்டும் பத்தாது. தொடையிலேர்ந்து மெல்லிசா ஒரு குழாய விட்டு, மூளை வரைக்கும் போயி, கட்டிய இழுக்கணும். எங்ககிட்ட அந்த வசதி இல்ல. சிட்டிக்கு அனுப்புறேன். படத்தையும் இப்பவே அனுப்பிட்டேன், அங்க ரெடியா இருப்பாங்க."

மறுபடியும் ஆம்புலன்ஸ். கரையான்சாவடி சிக்னல்ல டிராஃபிக் நின்னுச்சு. சைரன் அலறுது, முன்னாடி ஒரு டேங்கர் லாரி நகரவே மாட்டேங்குது. ஜாபஸ் என்னையே பாத்துகிட்டிருந்தாரு. நான் என்னத்தப் பேசறது? பதினோரு வருஷமா அவரு பேசுவாரு, நான் ஓடுவேன். அவரு வாய மூடின அன்னிக்கு எனக்குப் பேச ஒண்ணும் கெடைக்கல. "எல்லாம் சரியாயிடும்"னேன். அது எனக்கே நல்லா இல்ல.

பெரிய ஆஸ்பத்திரில கட்டிய இழுத்துட்டாங்க. முன்னாடி எடுத்த படம், பின்னாடி எடுத்த படம், ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. ஒடிஞ்ச கிளையில மறுபடியும் நுனி வரைக்கும் வெள்ளை ஓடியிருந்துச்சு. ரோஹித் என் கையப் புடிச்சுக் குலுக்கினான். அன்னிக்கு சாயந்திரமே வலது காலு லேசா அசைஞ்சுது. நாலாம் நாள் வெரல மடக்கினாரு.

பேச்சு மட்டும் வரல.

கட்டிய இழுத்த மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்துல இடது பக்கம் ஒரு எடம் பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சு, சாம்பார் கரண்டி அளவு. பெரிய டாக்டர் அதத் தொட்டுக் காட்டினாரு. "குழாய் தொறக்கறதுக்கு முன்னாடியே இந்த எடம் போயிடுச்சு. நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான செல்லு சாகும். சுத்தி இருக்கிறதெல்லாம் காப்பாத்திட்டோம். நீங்க கண்டுபிடிச்ச நேரம் இல்லன்னா இன்னும் நிறைய போயிருக்கும்."

அவரு என்னப் பாராட்டுறதா நெனச்சு சொன்னாரு. ஆறு அம்பதுக்கே நான் கீழ இறங்கியிருந்தா அந்தக் கரண்டி எவ்வளவு சின்னதா இருந்திருக்கும்னு நான் அவர்கிட்ட கேக்கல.

ரெனிதா மூணாம் நாள் வந்து இறங்குச்சு. ஐ.சி.யூ. வெளிய என் பக்கத்துல உக்காந்து, "அக்கா, கதவு பூட்டியா இருந்துச்சு?"ன்னு கேட்டுச்சு.

"இல்ல, சும்மா சாத்தியிருந்துச்சு."

அதுக்கு மேல அது ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா திட்டின மாதிரியாச்சும் இருந்திருக்கும்.

மூணு வாரத்துல வீட்டுக்கு வந்துட்டாரு. லேசா காலு இழுத்து நடக்கிறாரு. அவரு விழுந்த வாரம் ஞாயித்துக்கிழமையே அசோசியேஷன்ல டேங்குக்குப் புது கருவி போட்டுட்டாங்க. தானா ஓடுது, தானா நிக்குது. ரெனிதா இருபது நாள் இருந்துட்டு லீவு முடிஞ்சு குவைத்துக்கே போயிடுச்சு. காலைல ரெண்டு மணி நேரம் கெங்கம்மாள்னு ஒரு அம்மா வந்து குளிப்பாட்டி, சமைச்சு வெச்சுட்டுப் போறாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் ஸ்பீச் தெரபி சொல்லித் தர்ற பொண்ணு ஜெபா வருது.

முதல் வாரம் கூட்டம்னா கூட்டம். ஆப்பிளா வந்து குவிஞ்சுது. சர்ச்சுலேர்ந்து ஜெபம் பண்ண வந்தாங்க. அவங்க பாட்டு எடுத்ததும் இவரும் கூடவே பாடிட்டாரு, வார்த்தை ஒண்ணு பிசகாம! எல்லாரும் அற்புதம்னு அழுதாங்க. பாட்டு முடிஞ்சு பாஸ்டர் "பேரு சொல்லுங்க ஐயா"ன்னா, "சாவி"ன்னாரு. தண்ணி வேணும்னாலும் சாவி. என் பேரும் சாவி. மூளைல பாட்டு வேற எடத்துல இருக்காம், பேச்சு வேற எடத்துலயாம். ஜெபாதான் சொல்லுச்சு. திட்டுறதும் அந்த வேற எடத்துலதான் போல. ஒரு நாள் ஜெபா ஒரே படத்த பத்து தரம் காட்டி, "இது என்ன சொல்லுங்க அங்கிள்"னு கேட்டுச்சு. "கஸ்மாலம்!"னாரு, கணீர்னு. ஜெபாவுக்கு மூஞ்சி செவந்துச்சு. நான் சிரிச்ச சிரிப்புல அவருக்கும் சிரிப்பு வந்துருச்சு. கோணல் வாயோட சிரிச்சாரு.

ரெண்டாவது வாரத்துலேர்ந்து யாரும் வரல. பாவம், பேச்சு வரலையே, போயி என்னத்தப் பண்றதுங்கிறாங்க. நடேசன் சார் ஒரு தரம் கூட வரல. படிக்கட்டுல புடிச்சு நிறுத்திக் கேட்டேன். "அவரு என்னப் பாத்தா டென்ஷன் ஆவாரும்மா, உடம்புக்கு ஆகாது"ன்னாரு. "யாரு உடம்புக்கு சார்?"னு கேட்டேன். லிஃப்டுக்குள்ள போயிட்டாரு.

போன மாசம் ஒரு மத்தியானம் நான் சுண்டல் எடுத்துட்டுப் போனேன். அவரு என்னக் கைகாட்டி உக்காரச் சொன்னாரு. மெதுவா எழுந்து சமையல்கட்டு வாசலுக்குப் போயி, தரையக் காட்டினாரு. தன்னக் காட்டினாரு. அப்புறம் வாசக்கதவப் பாத்து விறைப்பா நிமிந்து நின்னு, ஒரு வெரல நீட்டி ஆட்டினாரு. அது அப்படியே நடேசன் சாரு. அடுத்து இடது கையால தன் காதத் தொட்டாரு.

எனக்குப் புரிஞ்சுது. "எல்லாம் கேட்டுச்சா? படுத்துகிட்டு கேட்டீங்களா?"

தலையாட்டினாரு. வெளிய நடக்கிற சத்தம், புள்ளைங்க ஓடுற சத்தம், லிஃப்டு சத்தம் எல்லாத்தையும் வெரலாலயே நடத்திக் காட்டினாரு. ஒவ்வொரு தரமும் வாயத் தொறந்து மூடினாரு. கூப்பிட்டிருக்காரு மனுஷன். கதவுக்கு அந்தப் பக்கம் நாங்க எல்லாரும் போயிகிட்டு வந்துகிட்டு இருந்திருக்கோம்.

அவருக்குக் கோவம் இருந்த மாதிரி தெரியல. சொல்லி முடிச்சதும் சுண்டல எடுத்து இடது கையால சாப்பிட ஆரம்பிச்சாரு. நான்தான் சாப்பிடல. ஜெபா வந்ததும் தனியா கேட்டேன், "இனிமே பேச்சு வருமா, வராதா? மழுப்பாம சொல்லு."

"வரும் ஆன்ட்டி, கொஞ்சம் கொஞ்சமா. முதல் ஆறு மாசம்தான் ரொம்ப முக்கியம், அப்பத்தான் மூளை வேகமா கத்துக்கும். ஆனா நான் வாரத்துல ரெண்டு மணி நேரம் வந்தாப் பத்தாது. மீதி நேரம் பூரா அவரு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. தினமும் ஆளுங்க கூடப் பேசணும். புதுப் புது ஆளா இருந்தா இன்னும் நல்லது. ஒரே ஆளுன்னா சைகையிலயே முடிச்சுருவாரு."

அது உண்மைதான். என்கிட்ட அவரு இப்ப சைகைதான் காட்டுறாரு. நானும் புரிஞ்சுகிட்டு எடுத்துக் குடுத்துடறேன். அப்புறம் எங்க வார்த்தை வரும்? நாலு மாசம் போயிடுச்சு. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

அதனாலதான் இத எழுதுறேன். நீங்க ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு, பூந்தமல்லி எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, ஒரு நாள் போயி அவரப் பாருங்க. அவரத் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, தெரியாதவங்கன்னா ரொம்ப நல்லது. பருத்திப்பட்டு ஏரிய ஒட்டுன ரோட்டுல மஞ்ச பெயின்ட் அடிச்ச நாலு மாடி ப்ளாக், கீழ் வீடு. சாயந்திரம் நாலு மணிலேர்ந்து ஆறு வரைக்கும் முழிச்சிருப்பாரு. ஆப்பிள் வேணாம், ஏற்கெனவே அழுகிக் கெடக்குது. மூஞ்சியத் தொங்கப் போட்டுகிட்டு "ஐயோ பாவம்"னு நிக்கிறதா இருந்தா வராதீங்க. பக்கத்துல உக்காந்து பேரு கேளுங்க, எந்தக் கம்பெனில வேலை பாத்தீங்கன்னு கேளுங்க. அவரு திணறுவாரு. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. கடியாரத்தப் பாக்காம, வர்ற வரைக்கும் சும்மா உக்காருங்க. திட்டினா வாங்கிக்கோங்க. அரை மணி நேரம் போதும். நாளைக்கே போங்க.